கிழிக்கும் முன் ஒரு பார்வை



பாலிதீன் பை வருவதற்கு முன்னால் மளிகைக் கடை நடத்தியவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதல்ல. அந்தக் காலத்தில் சில்லறைச் சரக்கு முழுவதும் காகிதப் பொட்டலத்தில்தான் போயிற்று. பழைய நாளிதழ், பரீட்சை விடைத்தாள், நோட்டுப் புத்தகம், அச்சுப் புத்தகம் எல்லாவற்றையும் எடைக்கு வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்போம். நாளிதழ்த் தாள் ஒரு கிலோ பருப்புக்கு ஆகும். புத்தகத் தாள் சிறியது. அதைக் கூம்பாகச் சுருட்டினால் ஐம்பது கிராம் சீரகத்துக்கும் பத்துப் பைசா மஞ்சள்தூளுக்கும் அளவாக இருக்கும்.

1970களின் நடுவில், பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் கடையில் பொட்டலம் மடிப்பது என் வேலை. ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பரணில் இருந்த புத்தகங்கள் ஒரு சாக்கு மூட்டையாக எங்கள் கடைக்கு வந்தன. அதில் ஒரு புத்தகம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. படிப்பதற்காக அல்ல. அதன் தாள் கெட்டியாக இருந்தது. எப்படி மடித்தாலும் கிழியவில்லை. "நல்லா உழைக்கிற தாளுடா" என்று அப்பாவும் சொன்னார். நான்கு நாளில் பாதிப் புத்தகம் தீர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் மாலை, எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கடைக்கு வந்தார். காலையில் கடுகு வாங்கிப் போனவர். கடுகு கட்டிய தாளைப் பிரித்து, சுருக்கம் நீவி, கையில் வைத்திருந்தார்.

"தம்பி, இதோட மீதி எங்கே?"

மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இது நம்ம வட்டாரத்துக் கோயிலோட தலபுராணம். அச்சாகியிருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்லை" என்று அப்பாவிடம் சொன்னார். முதல் நாற்பத்தெட்டுப் பக்கங்கள் இல்லை. நடுவிலும் பல தாள்கள் இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. பற்று நோட்டை எடுத்து, அந்த ஐந்து நாளில் சாமான் வாங்கியவர்களின் பெயர்களைக் குறித்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் வீடு வீடாகப் போனேன். பதினொரு தாள்கள் கிடைத்தன. சிலவற்றில் மஞ்சள் கறை, சிலவற்றில் எண்ணெய்க் கறை. மற்றவை அடுப்புக்குப் போய்விட்டன. ரொக்கத்துக்கு வாங்கியவர்களை எங்கே போய்த் தேடுவது? அந்தப் புராணத்தைப் பாடியவர் யார், அச்சிட்டது எந்த ஊர், எந்த வருஷம் என்பதெல்லாம் முதல் தாளில் இருந்திருக்கும். அந்தத் தாளில் யாருக்கோ வெந்தயம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பிடித்த பழக்கம்தான் பழைய புத்தகம் சேர்ப்பது. வியாபாரிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பழைய புத்தகம் அழிவதும் பிழைப்பதும் பல சமயம் நம் தராசின் மேல்தான் முடிவாகிறது. அச்சிட்ட செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொதிந்து கொடுக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதிவு விதிமுறைகள் சொல்கின்றன. மை உடலுக்குக் கேடு என்பதால் அது நியாயமான விதி. ஆகவே புத்தகத் தாளில் பொட்டலம் கட்டும் பேச்சு இனி இல்லை. ஆனால் அந்த மூட்டை இப்போது பழைய பேப்பர் கடை வழியாகக் காகித ஆலைக்குப் போகிறது. பொட்டலத்தில் போன தாளையாவது ஒருவர் பிரித்துப் பார்க்கலாம். ஆலையில் கூழான தாளை யார் பார்ப்பது?

பழம்புத்தகத்தில் என்ன கவர்ச்சி?

தமிழ் எழுத்தில் அச்சான, நமக்குத் தெரிந்த முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லத்தில் அச்சாயிற்று. முத்துக்குளித்துறையில் சமயப் பணி செய்த அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் மொழிபெயர்த்த நூல். மொத்தம் பதினாறே பக்கம். அதன் ஒரே ஒரு படிதான் இன்று இருப்பதாகத் தெரிகிறது. அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அதற்கு ஏறத்தாழ 135 ஆண்டு கழித்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சுக்கூடம் நடத்தினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாடு அவரைப் பிடித்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் காகிதம் வருவதற்குள் வேலை நின்று போகும். எனவே எழுத்தைச் சிறிதாக வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்ததாகவும் அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சரக்கு டப்பாவின் மூடிகூட வீண் போகவில்லை என்பது நம் போன்றோருக்குப் பிடித்த செய்திதான்.

திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறியது 1812இல். நாலடியார் மூலத்தோடு சேர்த்துச் சென்னையில் அச்சிட்டார்கள். 1835இல் மெட்காஃப் காலத்தில் அச்சுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். பிறகு சென்னையிலும் நடத்தினார். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

இந்த நூல்களையெல்லாம் இன்று புதுப் பதிப்பாக எந்தக் கடையிலும் வாங்கலாம். அப்படியிருக்கப் பழைய பதிப்பை ஏன் தேட வேண்டும்? புதுப் பதிப்பில் பாடல் இருக்கும், உரை இருக்கும். பழைய பதிப்பில் அவற்றோடு அந்தக் காலமும் சேர்ந்து கிடைக்கும். அச்சிடப் பணம் கொடுத்த வணிகரின் பெயர், அவர் ஊர், விலை எத்தனை அணா, தபால் கூலி எவ்வளவு, பின் அட்டையில் எந்த மருந்துக்கு விளம்பரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுபதிப்புப் போடுகிறவர்கள் முதலில் நீக்குவது இவற்றைத்தான். முன் அட்டையின் உட்பக்கத்தில், "இது இன்னார் புஸ்தகம், எடுத்தவர் திருப்பித் தரவும்" என்று மைக்கூட்டுப் பேனாவில் ஒருவர் எழுதியிருப்பார். அதைப் படிக்கும்போது அந்த மனிதரோடு பேசுவது போல இருக்கும்.

அதிகம் விற்றதுதான் முதலில் அழியும்

பழைய புத்தகம் என்றதும் பெரிய இலக்கிய நூல்களையே நினைக்கிறோம். உண்மையில் அவை ஓரளவு தப்பித்துக்கொண்டன. புலவர் வீட்டிலும் மடத்திலும் நூலகத்திலும் வைத்துக் காத்தார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற மலிவுப் புத்தகங்கள்தான் போய்விட்டன.

எண்சுவடியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் காலத்தில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் படித்தது அதில்தான். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று என்று ராகத்தோடு மனப்பாடம் செய்வார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு திண்ணைப் பள்ளியிலும் இருந்த புத்தகம். அண்ணன் படித்துத் தம்பி படித்து, கடைசிப் பிள்ளை கைக்கு வரும்போது ஓரம் நைந்திருக்கும். அதற்குப் பிறகு அடுப்புதான். இன்று 19ஆம் நூற்றாண்டு எண்சுவடி ஒன்று முழுசாகக் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம்.

பஞ்சாங்கமும் அப்படியே. புது வருஷம் பிறந்ததும் பழையதற்கு மதிப்பில்லை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களின் கதையும் அதுவே. எட்டுப் பக்கத்தில் கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, புயல் சிந்து என்று அச்சிட்டுச் சந்தைகளில் பாடிப் பாடி விற்றார்கள். படித்தவர்கள் அவற்றைக் கேவலமாக நினைத்தார்கள். நூலகங்கள் பெரும்பாலும் வாங்கி வைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சாதாரண ஜனங்கள் எதைப் பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று ஆய்வாளர்கள் தேடுவது அவற்றைத்தான்.

1907இல் பாரதியாரின் மூன்று பாடல்களைச் சிறு பிரசுரமாக வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். இலவசமாகக் கிடைத்த தாளை எத்தனை பேர் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? இன்று ஒரு படி யாருடைய டிரங்குப் பெட்டியிலாவது அகப்பட்டால் பாரதி ஆய்வாளர்கள் ஓடி வருவார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றை வாங்கியவர்களில் வணிகர்கள் பலர் இருந்தார்கள். கம்பெனி முடங்கிய பிறகு அந்தப் பங்குப் பத்திரத்துக்குச் செல்லாத நோட்டின் மதிப்புதான். ஆனால் இன்று அதன் ஒரு தாள் வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்ட கதைக்குச் சாட்சி. தென் மாவட்ட வணிகர் குடும்பங்களில் பழைய இரும்புப் பெட்டி இருந்தால் அடியில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதனால்தான் புத்தகத்தோடு சேர்த்து நோட்டீஸ், விலைப்பட்டியல், திருமண அழைப்பிதழ், கடைத் திறப்பு விழா அழைப்பு, சங்க மலர், பேரேடு ஆகியவற்றையும் சேர்ப்பவர்கள் ஒன்றாகவே கருதுகிறார்கள்.

விளம்பரப் பலகை எழுதியவர் சேர்த்த சொத்து

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கத் தொடங்கியவர், பிறகு ஊர் ஊராகத் தேடினார். புத்தகம், வார இதழ், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று எதையும் தள்ளவில்லை. அவர் 1992இல் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் இருந்தன.

1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று அது தரமணியில் இயங்குகிறது. நம் சரித்திரத்தை எழுத வருகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்கிறார். நம் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிற ஒருவர், தம் வருமானத்தில் வாங்கிச் சேர்த்தது இது.

புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் அப்படித்தான். ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முதற்பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

இவர்கள் செய்ததன் அருமை, எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் விளங்கும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டென்று கேள்விப்பட்டு உ.வே.சா. போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. புனிதமான காரியம் என்று நினைத்தே செய்தார்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. பிறகு புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வணிக வளாகத்தில் கடை வைத்தார்கள்; அன்று எரிந்த சரக்கு எரிந்ததுதான். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே நாளில் போய்விடும். நாலு ஊரில் நாலு பேர் வைத்திருந்தால் ஒன்றாவது மிஞ்சும். சிறு சேகரிப்பாளருக்கு உள்ள மரியாதை இதனால்தான்.

விலை எப்படி அமைகிறது?

வரத்தும் தேவையும்தான் விலையைத் தீர்மானிக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழம்புத்தகத்திலும் அதே விதிதான். வயது மட்டும் விலையாகாது. நூறு வருஷப் புத்தகம் ஒன்றைக் கேட்பாரே இல்லாமல் போகலாம். அறுபது வருஷச் சிறுபத்திரிகை ஒன்றுக்குப் பத்துப் பேர் போட்டியிடலாம்.

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது முதற்பதிப்பா என்பது. அடுத்து, தலைப்புப் பக்கத்திலிருந்து கடைசித் தாள் வரை முழுசாக இருக்கிறதா என்பது. படம், தேசப்படம், பிழைதிருத்தப் பட்டியல் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மதிப்பு சரியும். மூன்றாவது, மூல அட்டை இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்பது. நான்காவது, முன்பு யாரிடம் இருந்தது என்பது. ஆசிரியரே கையெழுத்திட்டு நண்பருக்குக் கொடுத்த படி என்றால் அதன் கதையே வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. தங்கம் வாங்குவது போல லாபத்துக்காக இதில் பணம் போட வேண்டாம். தங்கத்தை நாளைக்கே விற்கலாம்; புத்தகத்துக்கு ஏற்ற ஆள் வர பத்து வருஷம் ஆகலாம். கடை முதலில் கை வைக்காமல், வெற்றிலைப் பாக்குச் செலவு போல ஒரு சிறு தொகை ஒதுக்கிச் செய்கிறவர்களுக்கே இது ஒத்துவரும். நூலக முத்திரை குத்திய புத்தகம் வந்தால், அது நூலகம் கழித்து விற்றதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

பழைய தமிழ்ப் புத்தகத்தில் ஆண்டு நேரடியாக இருக்காது. தமிழ் எண்ணில் இருக்கும். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவை ஒன்று முதல் ஒன்பது வரை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௮௰௭ என்று இருந்தால் 1887. பழைய பேரேடு பார்த்துப் பழகிய பெரியவர்கள் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

சில புத்தகங்களில் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். இங்கே கவனம் தேவை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். 'சர்வஜித்து' என்றால் 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் விலையையும் வைத்து எதுவென்று தீர்மானிக்க வேண்டும். சாலிவாகன சகாப்தம் போட்டிருந்தால் 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தென் மாவட்ட நூல்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

எழுத்தும் உதவும். 'லை', 'னை' போன்ற எழுத்துகளைத் துதிக்கையோடு சேர்த்து அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்திய நூல். ஆனால் முன்னுரையில் உள்ள தேதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. பல முறை மறுபதிப்பான நூல்களிலும் பழைய முன்னுரை அப்படியே இருக்கும். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் பலவற்றில் ஆண்டே கிடையாது.

பாதுகாக்கும் முறை

1830இல் அச்சான புத்தகம் உறுதியாக இருக்க, 1940இல் அச்சானது அப்பளம் போல நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்த் தாள் பெருகியது. அதில் சேர்த்த படிகாரப் பொருள்களால் தாளில் அமிலம் உண்டாகிறது. அதனால்தான் பழுத்து, ஒடிந்து போகிறது. உலகப் போர்க் காலத்தில் தாள் தட்டுப்பாட்டினால் தரமும் குறைந்தது.

இந்த அமிலத்தை நாம் நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். வெயில், ஈரம், சூடு மூன்றும் படாத இடம் வேண்டும். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பது மேல். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்வதும் தவறு. ரப்பர் பேண்ட், குண்டூசி, பின் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஓரத்தை வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓரக் குறிப்புகள் அதில்தான் போகும்.

பூச்சிக்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பதும், நிழலில் உலர்த்திய வேப்பிலை வைப்பதும் பெரியவர்கள் காட்டிய வழி. இராமபாணப் பூச்சி கிட்டே வராது. பாச்சை உருண்டையும் வைக்கலாம். தாளின் மேல் படாமல் இருக்கட்டும். ஆனால் மாதம் ஒருமுறை புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிப் புரட்டிப் பார்ப்பதற்கு ஈடான மருந்து கிடையாது. ஒன்றை மறக்க வேண்டாம்: சரக்கு அறையில் புத்தகம் வைக்காதீர்கள். வெல்லமும் தானியமும் இருக்கும் இடத்துக்கு எலியும் எறும்பும் வரும்; அடுத்தது புத்தகம்தான். மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், தாள்களுக்கு நடுவே மை ஒற்றும் காகிதம் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, 75 ஆண்டுக்குக் குறையாத வயதும் சரித்திர அல்லது இலக்கிய மதிப்பும் உள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் தொல்பொருள்களே. ஓலைச் சுவடி இதில் அடங்கும். இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. இவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். யாராவது வந்து "பழைய ஓலைக்கட்டு இருந்தால் நல்ல விலை தருகிறேன், வெளிநாட்டுக்குப் போகிறது" என்று ஆசை காட்டினால் விலகிவிடுங்கள்.

நாம் செய்யக் கூடியது

எல்லாரும் சேகரிப்பாளர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நேரமும் இடமும் எல்லாருக்கும் இருக்காது. பழைய வீட்டுச் சாமான் கழிக்கும்போதும், நமக்குத் தெரிந்த பழைய பேப்பர் கடைக்கு மூட்டை வரும்போதும் ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். தமிழ் எண்ணில் ஆண்டு போட்டது, அணாவில் விலை போட்டது, நம் ஊர் அச்சுக்கூடத்தின் பெயர் உள்ளது, கையால் எழுதியது ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். தலைப்புப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து ஊர்த் தமிழாசிரியருக்கோ நூலகருக்கோ அனுப்பலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த நூல் ஏற்கனவே ஏறியிருக்கிறதா என்றும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம். அங்கே இல்லாத நூல் நம் கையில் இருந்தால், அதை நூலகத்துக்குக் கொடுக்கலாம். பிரிய மனமில்லை என்றால் படியெடுக்கவாவது அனுமதிக்கலாம்.

நம் தொழிலின் சரித்திரத்தையும் நாமே காப்பாற்ற வேண்டும். தாத்தா காலத்துப் பேரேட்டில் அன்றைய அரிசி விலையும் உப்பு விலையும் வண்டிக் கூலியும் தேதி வாரியாக இருக்கின்றன. வரிக் கணக்குக்கு அது வேண்டாம் என்று ஆடிட்டர் சொல்லலாம். அரசாங்கப் புள்ளிவிவரத்தில் கிடைக்காத நம் ஊர் விலைவாசி அதில்தான் இருக்கிறது. சங்க மலர்களையும் மாநாட்டு அழைப்பிதழ்களையும் வருஷத்துக்கு ஒரு படியாவது எடுத்து வையுங்கள்.

தமிழாசிரியர் காலமான பிறகு அவர் வீட்டார் அந்த அரைப் புத்தகத்தையும், நான் வீடு வீடாக வாங்கி வந்த பதினொரு தாள்களையும் என்னிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எண் போட்டு, இல்லாத பக்கங்களுக்கு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார், என்றைக்காவது கிடைத்தால் எழுதிக்கொள்ளலாம் என்று. முதல் நாற்பத்தெட்டுப் பக்கங்களுக்கான வெற்றுத் தாள்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த நூலின் இன்னொரு படி எந்த ஊர்ப் பரணிலாவது இருக்கலாம். அது உங்களில் யாருடைய தராசுக்கு வந்தாலும், எடை போடும் முன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.